உப்பு நீரில் ஒரு நினைவு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள நெம்மேலியில் இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்குகின்றன. 2013இல் தொடங்கியது நாளுக்கு 10 கோடி லிட்டரும், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது 15 கோடி லிட்டரும் குடிநீர் தரக்கூடியவை. கடல்நீரை அழுத்தத்தோடு சவ்வுகளில் செலுத்தினால் நீர் கடந்துபோகும். உப்பின் அயனிகள் நின்றுவிடும். சோடியமா பொட்டாசியமா என்று அந்தச் சவ்வு பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் தடுப்பதே அதன் வேலை.

அதே கடலில் வலையில் விழும் ஊசிக் கணவாயின் நரம்புக்கு ஆள் பார்த்து விடத் தெரியும். கணவாய் இனங்கள் சிலவற்றின் பெரிய நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரியுமளவு தடித்தது. அதற்குள் மின்முனையைச் செருகி அளந்துதான் விஞ்ஞானிகளான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்பின் கணக்கை 1952இல் எழுதினார்கள். இழைக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. தூண்டல் வந்ததும் சோடியம் உள்ளே பாயும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறும். நம் மூளையின் செய்திகளும் இப்படித்தான் ஓடுகின்றன.

பொட்டாசியம் போகும் வழியில் ஒரு புதிர் உண்டு. அது சோடியத்தைவிடப் பெரிய அயனி. சல்லடையாக இருந்தால் சிறியதுதான் நழுவியிருக்கும். இங்கே பெரியது போகிறது, சிறியது நிற்கிறது. 1998இல் ராடெரிக் மெக்கின்னன் என்ற விஞ்ஞானி அப்படி ஒரு வழியின் வடிவத்தைக் கண்டு விடை சொன்னார். நீரில் எந்த அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். வழி ஒடுங்கும் இடத்தில் வரிசைகட்டி நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் உதறிய நீருக்குச் சரியாக ஈடுகொடுக்கின்றன. சோடியத்துக்கு அந்தப் பிடி எட்டாது; ஆகவே அது நீரை உதறாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

அயனிகளைக் கொண்டே செய்தியைக் கையாளும் நரம்பின் திறமையைக் கருவியில் கொண்டுவரத்தான் அயனி மின்னணுவியல் என்ற துறை முயல்கிறது. பாரிஸ், மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2023இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெங்களூரில் முனைவர் பட்டம் பெற்ற ராதா போயாவும் அந்தக் குழுவில் ஒருவர். மிக நுண்ணிய இடுக்குகளில் உப்பு நீரை நிரப்பி மின்னழுத்தம் கொடுத்தார்கள். முன்பு அயனிகள் ஓடிய விதத்தைப் பொறுத்து இடுக்கின் மின்கடத்துதிறன் மாறியது. அந்த மாற்றம் நிமிடங்கள் முதல் மணிக்கணக்கு வரை நீடித்தது. இதுவும் ஒருவகை நினைவுதான். கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். இடையே தரவைச் சுமப்பதிலேயே பெரும் மின்சாரம் போகிறது. மூளையில் இரண்டும் ஒரே இடம் என்பதால் ஏறத்தாழ 20 வாட் போதும்.

அயனி எலக்ட்ரானைவிட மெதுவானது. எனவே வேகத்தில் சிலிக்கான் சில்லை அயனிக் கருவிகள் முந்தப்போவதில்லை. ஆனால் நம் உடலில் ஓடுவதும் உப்பு நீர்தான். நரம்பை நேரே தொட்டு இயங்கும் மருத்துவக் கருவிகளில் இவற்றுக்கு முதல் வேலை கிடைக்கலாம்.