அழற்சிக் குறியீடுகளும் புற்றுநோய் சிகிச்சையும்

நியூட்ரோபில், லிம்போசைட் ஆகிய இரண்டும் வெள்ளணு வகைகள். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இவற்றின் எண்ணிக்கை தெரிந்துவிடும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம், புற்றுநோயாளி சிகிச்சைக்குப் பின் எப்படி இருப்பார் என்பதை ஓரளவு முன்னுணர்த்துகிறது. 100 ஆய்வுகளில் இடம்பெற்ற 40,559 நோயாளிகளின் தரவைத் திரட்டிய தொகுப்பாய்வு ஒன்று 2014இல் வெளியானது. விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 1.8 மடங்கு இருந்தது.

இந்த விகிதத்தின் பின்னணியில் இருப்பது அழற்சி. கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863இலேயே கவனித்தார். கட்டியும் அதைச் சூழ்ந்த செல்களும் இன்டர்லூக்கின்-6 போன்ற வேதித் தூதுகளைச் சுரக்கின்றன. அவற்றால் தூண்டப்படும் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. அல்புமின் அளவோ இறங்குகிறது. பெருகும் நியூட்ரோபில்கள் கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் உருவாகத் துணைபோகக்கூடும். புற்றுநோய் செல்களைத் தாக்க வேண்டிய லிம்போசைட்டுகள் குறைகின்றன.

ஸ்காட்லாந்தில் உருவான கிளாஸ்கோ மதிப்பெண் இந்தப் புரதங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒன்று, அல்புமின் 35 கிராமுக்குக் கீழே போனால் ஒன்று. இரண்டும் சேர்ந்தவர்களின் நிலை மோசம்.

எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்பதையும் இந்தக் குறியீடுகள் சொல்லுமா? முக்கியமான கேள்வி இதுதான். நியூட்ரோபில் கணக்கையும் எல்டிஎச் நொதியையும் இணைத்த நுரையீரல் புற்றுநோய்க் குறியீடு ஒன்றை பிரான்ஸை மையமாகக் கொண்ட குழு 2018இல் வெளியிட்டது. இம்யூனோதெரபி பெற்றவர்களிடம் அது பலன்களோடு பொருந்தியது; கீமோதெரபி மட்டும் பெற்றவர்களிடம் பொருந்தவில்லை. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்கவே அது உதவும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் பல மருந்துச் சோதனைகளின் தரவைச் சேர்த்து 2019இல் ஆராய்ந்தபோது, எந்தச் சிகிச்சை பெற்றவர்களிடமும் அது ஆயுளை முன்னுணர்த்தியது. நோயின் கடுமையை அது காட்டுகிறதே தவிர, மருந்தைக் காட்டவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, விகிதம் கூடியிருக்கிறது என்பதற்காக ஒருவருக்கு இம்யூனோதெரபியை மறுப்பது அநியாயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழற்சி புற்றுநோய்க்கே உரியதன்று. நிமோனியாவும் காசநோயும் இதே எண்களை உயர்த்தும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு நியூட்ரோபில்களைக் கூட்டி லிம்போசைட்டுகளைக் குறைக்கும். ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுத்த ரத்தமா, பிறகு எடுத்ததா என்று தெரியாமல் விகிதத்தைப் படிப்பதில் பயனில்லை.