பருத்தி நிவாரணம் வேண்டுமா? முதலில் அடங்கலைப் பாருங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர்ப்பெயர் நாடெங்கும் அடிபட்டது. அதே மழையில் தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் மானாவாரிப் பயிர்கள் வீணானதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குச் சுமார் 3,440 ரூபாய். பருத்திக்குச் செய்த உழவுக்கும் களையெடுப்புக்கும் இது காணாது. இந்தச் சொற்பப் பணமும் கைக்கு வராமல் போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

பெரும்பாலும் கோளாறு அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், இருக்கிறது. காட்டில் பருத்தி நிற்கும். அடங்கலில் போன வருஷத்து மக்காச்சோளம் என்றோ 'தரிசு' என்றோ இருக்கும். நிலத்துக்கு வராமலே பழைய பதிவைப் பார்த்து எழுதும் அதிகாரிகளைச் சொல்ல வேண்டும். விதைத்த கையோடு போய்ப் பார்க்காத நம்மையும் சொல்ல வேண்டும். விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நடப்புப் பசலி அடங்கலை வாங்குங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் நான்கையும் அவர் முன்னாலேயே படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். தாசில்தாருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். வெள்ளம் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

அடுத்தது வங்கி. "ஆதார் இணைச்சாச்சு" என்று கிளையில் சொன்னால் நம்பி வந்துவிடுகிறோம். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு. மானியம் வந்து விழ, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்பிசிஐ) இணைப்பில் அந்தக் கணக்கு இருப்பது வேறு. ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். எப்போதோ திறந்து மறந்துபோன அஞ்சலகக் கணக்கில் பிஎம் கிசான் தவணை கிடக்க, பழைய பாஸ்புக்கை வரவு போட்டுப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். மைஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் கிளையில் ஒப்புதல் படிவம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பயிர்க் காப்பீடு தனி. நிவாரணம் வருமே என்று அதை விட்டுவிடாதீர்கள். பருத்திக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். குத்தகைக்கு உழுபவரும் சேரலாம். ரசீதில் பயிர் பருத்தி என்றும் கிராமப் பெயர் சரியாகவும் இருக்கிறதா என்று, பதிவு செய்யும் மையத்தை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். காட்டில் வெள்ளம் நின்றால் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் காட்டுக்குப் பணம் வந்து உங்களுக்கு வரவில்லையா? டீக்கடையில் புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கூடவே தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள்: "என் புல எண்ணுக்கான சேதக் கணக்கெடுப்பு நகல், நிவாரணப் பட்டியலில் என் பெயரின் நிலை." 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேட்பது ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்று வரும் செயலிக் கோப்பைத் தொடாதீர்கள். கணக்கில் இருப்பதும் போய்விடும். ஓடிபி கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: இந்தப் பருவத்து அடங்கல் உங்கள் கையில் இல்லையென்றால் நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் வாங்குங்கள்.