தொட்டித் தண்ணீரின் பிடிவாதம்

“மீன்தொட்டியின் பிஎச் 8.2. கடையில் கொடுத்த திரவத்தை ஊற்றினால் 7-க்கு இறங்குகிறது. மறுநாள் காலை பழையபடி ஏறிவிடுகிறது. பாட்டில் போலியா?” என்று கேட்கிறார் சென்னை வாசகர் ஒருவர். பாட்டில் அசல்தான். தண்ணீருக்குத்தான் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தை மீன் வளர்ப்பவர்கள் ‘கேஎச்’ என்பார்கள், கார்பனேட் கடினத்தன்மை. உப்புக் கூடிய போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறையக் கரைந்திருக்கும். ஊற்றிய அமிலத்தை அது பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிவிடும். அந்த வாயு நீரில் இருக்கும்வரை பிஎச் இறங்கியிருக்கும். இரவெல்லாம் ஓடும் காற்று மோட்டார் வாயுவை வெளியேற்றியதும் ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பைகார்பனேட் கொஞ்சம் செலவாகிறது. அம்மாவின் கடுகு டப்பாவில் காசு இருந்தவரை மாதக் கடைசி என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. தொட்டியிலும் கையிருப்பு தீரும் நாளில்தான் பிஎச் மளமளவென்று சரியும். ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு, மீன் தாங்காது.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பாட்டில் இல்லாமலே இது நடக்கும். கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களும் இதே கையிருப்பைத்தான் கரைக்கின்றன. பிஎச் 6-ஐ நெருங்கினால் அவையும் சோர்ந்துவிட, கழிவு சேரும். அப்போது பதறிச் சமையல் சோடாவை அள்ளிப் போடுவது இன்னும் மோசம். அமில நீரில் பெரும்பாலும் அம்மோனியமாக அடங்கிக் கிடப்பது, பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக நச்சு அம்மோனியாவாகிவிடும். நம் சோம்பலுக்கு மீன் தண்டனை அனுபவிக்கிறது.

குறைத்தே தீர வேண்டுமென்றால், போர் தண்ணீரில் ஆர்ஓ தண்ணீரைத் தனி வாளியில் கலந்து, அளந்து பார்த்து, தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். சில நாள் விட்டு மறுபடியும். கூட்ட வேண்டுமென்றால், முதலில் இதேபோல் சிறிது சிறிதாகப் பழைய நீரை மாற்றிவிட்டு, கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள்; மெல்லக் கரையும்.

வாசகருக்கு என் பதில்: 8.2 நிலையாக நிற்கிறதென்றால் விட்டுவிடுங்கள். கப்பிக்கும் மோலிக்கும் அது சொந்த வீடு மாதிரி. அமேசானின் மென்னீர் மீனான டிஸ்கஸை வாங்கி வந்து தினமும் ரசாயனத்தோடு மல்லுக்கட்டுவது வளர்ப்பல்ல, வதை. மீன் வாங்கப் போகும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஒருநாள் காற்றோட வைத்துச் சோதியுங்கள். கடைக்காரரிடம் முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். பிடித்த நிறத்தைப் பிறகு சொல்லலாம்.