பாடும் பிள்ளையின் குரல் கேட்க வேண்டும்: பள்ளிக்கு மிக்சர் வாங்கும் முன்

ஆண்டு விழா, கலைத் திருவிழா, மன்றக் கூட்டம் என எதுவாயினும், இன்று நம் பிள்ளைகள் மேடையில் பாட வரும்போது பாட்டோடு ஒரு கைப்பேசியும் வருகிறது. ஆர்மோனியம் வாசிக்க ஆளில்லாத ஊரிலும் பின்னணி இசை கிடைத்துவிடுகிறது. ‘கரோக்கி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு ‘வெற்று இசைக்குழு’ என்று பொருள். இசைக்குழு தயாராக இருக்கிறது, பாட ஒருவர்தான் வேண்டும். இசை ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு இது பெரிய உதவி.

ஆனால் விழாவன்று நடப்பது வேறு. கைப்பேசியை மைக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பிடித்துக்கொண்டு நிற்பார். அதே மைக்கில் பிள்ளை பாடும். இசை கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால் மைக் கூவும். குறைத்தால் பிள்ளையின் குரலும் சேர்ந்து போய்விடும். வகுப்பில் பாடினால் பக்கத்து வகுப்பே அமைதியாகிவிடும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு விழாவில் மூன்று நிமிடம் முழுவதும் பாடி முடித்தாள். பந்தலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா உதடு அசைவதைத்தான் பார்த்தார். போட்டி மேடையாக இருந்தால் நடுவருக்கும் அதே நிலைதான். ‘குரல் எடுபடவில்லை’ என்று மதிப்பெண் தாளில் எழுதிவிடுவார்கள். எடுபடாதது குரல் அல்ல, கருவி. உரக்கப் பாடும் பிள்ளைகள் எந்தக் கருவியிலும் தப்பித்துக்கொள்வார்கள். மெல்லிய குரல் உள்ள பிள்ளைக்குத்தான் மிக்சர் தேவைப்படுகிறது.

மிக்சர் செய்வது எளிய வேலை. மைக்கிலிருந்து வரும் மின் சைகை சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். கைப்பேசியின் ஹெட்போன் துளையிலிருந்து வருவது அதைப்போல் நூறு மடங்குவரை இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே வாங்கி, மெலிந்ததைப் பெருக்கி, நாம் விரும்பும் விகிதத்தில் கலந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதுதான் மிக்சர்.

இருப்பதை முதலில் பாருங்கள்

காலை வணக்கக் கூட்டத்துக்கென்று பல பள்ளிகளில் ஏற்கெனவே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘மைக் 1’, ‘மைக் 2’ என்ற துளைகளோடு ‘ஆக்ஸ்’ என்றும் ஒன்று இருந்து, முன்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு இருந்தால், அதற்குள்ளேயே ஒரு சிறு மிக்சர் இருக்கிறது என்று பொருள். கைப்பேசியை ஒயர் மூலம் ‘ஆக்ஸ்’ துளையில் இணைத்து, பிள்ளையை மைக்கில் பாடவைத்துப் பாருங்கள். ஒருவர் பாடும் நிகழ்ச்சிக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். அப்படியானால் மிக்சர் வாங்காமல் அந்தப் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். ஒலிபெருக்கி ‘குழாய் ஸ்பீக்கர்’ மட்டும்தான் என்றால், எவ்வளவு விலையுள்ள மிக்சரைப் போட்டாலும் இசை தகரத்தில் தட்டியதுபோலத்தான் கேட்கும். அந்தக் குழாய் பேச்சு தெளிவாக எட்டுவதற்காகச் செய்தது. தாழ்ந்த சுரங்கள் அதில் வராது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுகிறார்கள், தபேலாவோ கீபோர்டோ உடன் வாசிக்கிறார்கள், ஒரு பிள்ளையின் குரல் மற்றதைவிட மெலிது என்ற நிலை வந்தால்தான் தனி மிக்சர் தேவைப்படும்.

எத்தனை சேனல்?

கடைக்காரர் முதலில் சொல்லும் எண் இதுதான். நம்மை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பெட்டியில் ‘10 சேனல்’ என்று இருந்தால் பத்து மைக் போடலாம் என்று நினைக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, யமஹா எம்.ஜி.10 என்ற மிக்சர் பத்து சேனல் உடையது. ஆனால் அதில் மைக் இணைக்க நான்கு இடங்களே உள்ளன. எம்.ஜி.06 ஆறு சேனல். மைக்குக்கு இரண்டே இடம். மீதமுள்ளவை கைப்பேசி, கீபோர்டு போன்றவற்றுக்கான ஸ்டீரியோ இணைப்புகள். ஒவ்வொன்றும் இடது, வலது என்று இரண்டாக எண்ணப்படும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, உலகம் முழுவதும் எண்ணும் முறையே அப்படித்தான். நாம் கேட்க வேண்டியது ‘மைக் எத்தனை போடலாம்?’ என்பதே. தொடக்கப் பள்ளிக்கு இரண்டு மைக் போதும். குழுப்பாடலும் நாடகமும் நடக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நான்கு இருந்தால் நல்லது. அதற்கு மேல் வாங்கினால் இயக்கத் தெரிந்த ஆளையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு மைக் சேனலுக்கும் மேலே ‘கெயின்’ என்ற தனித் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில மிக்சர்களில் இது இருக்காது, ஒலி அளவுத் திருகு மட்டுமே இருக்கும். மெல்லிய குரலை மேலே கொண்டுவருவது கெயின்தான். பிள்ளை பாட்டிலேயே உரத்த வரியைப் பாடும்போது கெயினை மெல்லக் கூட்ட வேண்டும். ‘பீக்’ என்ற சிவப்பு விளக்கு எப்போதாவது மின்னத் தொடங்கியதும் சற்றுப் பின்னால் திருப்பி விட்டுவிட வேண்டும். இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒத்திகையின்போதே செய்து, திருகு நிற்கும் இடத்தைத் தாளில் குறித்து வைத்தால் விழாவன்று பதற்றம் இருக்காது. ஒலி அளவு ஏற்ற இறக்கத்துக்கு வட்டத் திருகைவிட மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர் வசதியானது. எது எந்த நிலையில் இருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

மூன்றாவதாக, பலரும் கேட்காமல் விட்டுவிடும் ஒன்று. ஸ்பீக்கர்கள் பார்வையாளர்களை நோக்கித் திரும்பியிருக்கின்றன. பின்னால் நிற்கும் பிள்ளைக்கு இசை சரியாகக் கேட்பதில்லை. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பதினேழு மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரிலிருந்து இசை வந்துசேர இருபதில் ஒரு பங்கு நொடி ஆகிறது. அதைக் கேட்டுப் பாடும் பிள்ளை தாளத்தில் பின்தங்காமல் என்ன செய்யும்? ‘தாள ஞானம் இல்லை’ என்று அதற்கும் பிள்ளையைத்தான் சொல்வோம். பிள்ளையின் முன்னால் ஒரு சிறு ஸ்பீக்கர் வைத்து அதில் இசையை மட்டும் கொடுக்க வேண்டும். அப்படித் தனியே அனுப்ப மிக்சரில் ‘ஆக்ஸ் சென்ட்’ அல்லது ‘மானிட்டர்’ என்ற வெளிவாய் தேவை. மிகச் சிறிய மிக்சர்களில் இது இருக்காது. எதிரொலி விளைவுகளுக்கு நூறு வகை தரும் மிக்சரா, மானிட்டர் வெளிவாய் தரும் மிக்சரா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

புளூடூத் வேண்டுமா?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பது உண்மை. கைப்பேசியிலிருந்து மிக்சருக்கு இசை புளூடூத்தில் வந்தால் இந்தத் தாமதம் பாடுவோரைப் பாதிக்காது. இசை முழுவதுமே தாமதமாக வருகிறது, பிள்ளையும் வந்த இசையைக் கேட்டுத்தானே பாடுகிறது. திரையில் ஓடும் பாடல் வரிகள் மட்டும் சற்று முந்தி நிற்கும். மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் புளூடூத்தில் அனுப்புவதுதான் கூடவே கூடாதது. அப்போது பிள்ளையின் குரலே தாமதமாகத் திரும்பி வந்து அதன் காதில் விழும். எந்தப் பாடகராலும் அதோடு பாட முடியாது.

ஒயர்தான் நம்பகமானது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருபுறம் ஹெட்போன் பின், மறுபுறம் இரண்டு பெரிய மோனோ பின்கள் உள்ள ஒயரைக் கேட்டு வாங்கி, அந்த இரண்டையும் ஸ்டீரியோ சேனலின் இடது, வலது துளைகளில் செருக வேண்டும். ஒரே பெரிய ஸ்டீரியோ பின் உள்ள ஒயரை மைக் சேனலின் லைன் துளையில் செருகினால் வினோதமாக ஒன்று நடக்கும். இசை மெலிந்து, தாழ்ந்த ஒலிகள் காணாமல் போய், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மிக்சர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தத் துளை இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துவிடுகிறது. இரண்டிலும் சமமாக இருப்பதெல்லாம் மறைந்துபோகிறது. அறிவியல் ஆசிரியர்கள் இதையே வகுப்பில் காட்டலாம். சாதாரணத் திரைப்பாடலை இப்படி இணைத்தால் இரு பக்கமும் சமமாகப் பதிவான பாடகரின் குரல் பெரும்பாலும் மறையும். சில மிக்சர்களில் ‘வோக்கல் கட்’ என்ற பொத்தான் செய்வதும் இதே கழித்தல்தான். குரலோடு நடுவில் உள்ள மற்ற இசையும் போய்விடும் என்பதால் அந்தப் பொத்தானை நம்பி மேடையேற வேண்டாம்.

எக்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எக்கோ இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. கொஞ்சம் இருந்தால் குரல் இனிமையாகும். கூடினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ல, ள, ழ வேறுபாடு தெரியாமல் போகும். தமிழாசிரியர்கள் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த உச்சரிப்பு மேடையில் கரைந்துவிடக் கூடாது.

சுருதி மாற்றுவதை மிக்சரிடம் எதிர்பார்க்காதீர்கள். திரைப்பாடல்கள் பெரியவர்களின் குரலுக்கு அமைந்தவை. பத்து வயதுப் பிள்ளைக்கு உச்சியில் எட்டாமலோ அடியில் கேட்காமலோ போகும். கைப்பேசியில் உள்ள சுருதி மாற்றும் செயலிகளில் இசையை இரண்டு மூன்று அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ பார்த்து, பிள்ளைக்குப் பொருந்துவதைச் சேமித்து வையுங்கள். செலவில்லாத வேலை. எந்தக் கருவி வாங்குவதையும்விட இது அதிகம் பயன் தரும்.

பணத்தைப் பிரிப்பது

கையில் பத்து ரூபாய் இருந்தால் ஐந்து ரூபாய்க்கு மேல் மிக்சருக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் மூன்று ரூபாய் மைக்குக்கு, இரண்டு ரூபாய் ஒயருக்கும் ஸ்டாண்டுக்கும். ஒயரில்தான் விழாக்கள் நிற்கின்றன. பள்ளிக்கு ஏற்றது ஒயர் உள்ள டைனமிக் வகை மைக். கீழே விழுந்தாலும் தாங்கும். பக்கத்துச் சத்தத்தை அதிகம் வாங்காது. இரண்டு கார்ட்லெஸ் மைக்குடன் சேர்ந்தே வரும் மிக்சர்கள் மலிவாகத் தோன்றும். அதில் மைக் கெட்டால் மாற்று மைக் கிடைப்பது கடினம். மிக்சர் கெட்டால் மைக்கும் வீண்.

கடைக்குப் போகும்போது ஊரில் மைக்செட் வைத்திருப்பவர் யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியின் மைக்கையும் கைப்பேசியையும் எடுத்துப் போங்கள். மைக்கை இணைத்து, யாரும் பேசாமல் கெயினைப் பாதிக்கு மேல் வைத்து ஹெட்போனில் கேளுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் பலமாக இருந்தால் அதை வைத்துவிடலாம். ஒவ்வொரு திருகையும் ஃபேடரையும் நகர்த்திப் பாருங்கள். கரகரப்பு வரக் கூடாது. செருகிய பின்னை லேசாக ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. மின்சாரத்துக்குத் தனி அடாப்டர் என்றால், அது எரிந்துபோனால் நம் வட்டாரத்தில் கிடைக்குமா, பழுது பார்க்க எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மாவட்டத் தலைநகரில் பழுது பார்க்கும் இடம் இருக்கும் சாதாரண மிக்சர், சென்னைக்கு அனுப்ப வேண்டிய சிறந்த மிக்சரைவிட நமக்கு மேல். விலைப்புள்ளி வாங்கும்போது ‘மிக்சர் 1’ என்று மட்டும் கேட்டால் மூன்று கடையும் மூன்று பொருளுக்கு விலை சொல்வார்கள். மைக் இணைப்பு எத்தனை, கெயின் தனித்தனி, மானிட்டர் வெளிவாய், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒப்பிட்டுப் பேச முடியும். ரசீதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கட்டும். இருப்புப் பதிவேட்டிலும் அதையே எழுதுங்கள்.

விழாவன்று

மிக்சரின் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ அல்லது ‘லைன்’ துளையில் கொடுங்கள், மைக் துளையில் அல்ல. மைக் துளையில் கொடுத்தால் ஒலி உடைந்து கேட்கும். மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பலகையிலிருந்து, எர்த் உள்ள மூன்று பின் இணைப்பில் மின்சாரம் எடுங்கள். ‘உம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது. பிள்ளைகள் இரும்புத் தலை உள்ள மைக்கைக் கையில் பிடிப்பதால் எர்த் பாதுகாப்புக்கும் வேண்டும். கைப்பேசிக்குச் சார்ஜரைப் போட்டபடி இசை ஓட்டாதீர்கள், அதிலிருந்தும் இரைச்சல் நுழையும். பாடல்கள் முன்பே பதிவிறக்கியவையாக இருக்கட்டும். கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். பாட்டு நடுவே தலைமையாசிரியரின் அழைப்பு ஊர் முழுக்கக் கேட்க வேண்டாம்.

மைக் கூவுவதற்குக் காரணம் ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்கில் நுழைவதே. பாடும் இடம் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து மைக்கின் வலைத்தலையையே பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கம் வரும் ஒலியைத் தடுக்கும் அமைப்பே அந்தத் தலையில்தான் இருக்கிறது, பொத்தினால் கூவும். தண்டைப் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் பாடச் சொல்லுங்கள். மைக் இருமடங்கு தூரம் போனால் அதற்கு எட்டும் ஒலியின் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மெல்லிய குரலுக்கு இந்த விரற்கடைக் கணக்கு கெயினைவிட முக்கியம்.

மிக்சரை இயக்க எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இரண்டு பிள்ளைகளைப் பழக்குங்கள். மேடைக்கு வர வெட்கப்படும் பிள்ளைகள் இதில் வியக்கும்படி செய்கிறார்கள். ஒவ்வொரு ஃபேடருக்குக் கீழும் வெள்ளை டேப் ஒட்டி, ‘இசை’, ‘கவிதா’, ‘தபேலா’ என்று பேனாவால் எழுதிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் பழக்கமாக்குங்கள்: போடும்போது முதலில் மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர், பிறகே மிக்சர். மாற்றிச் செய்தால் ‘டப்’ என்ற அடி விழும். அந்த அடி தாங்காமல் ஸ்பீக்கர் சுருள் போய்விடக்கூடும்.