ஆன்டிபயாடிக்: கிளினிக் முதல் பண்ணை வரை யார் பொறுப்பு?

சிறுநீரில் எரிச்சல், கூடவே காய்ச்சல். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புகிறார். மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மகன் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். "இதுவரை என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று அங்கே கேட்கிறார்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை, டாக்டர்" என்கிறார் மகன்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்று தெரிந்தால் அதை விட்டு வேறொன்றைக் கொடுக்கலாம். தெரியாதபோது, உயிரைக் காக்க வேண்டுமே என்று பலவகைக் கிருமிகளைத் தாக்கும் வலுவான மருந்தை ஊசிவழி ஏற்றவேண்டி வரலாம். அது குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். மருந்துக்கு அடங்காமல் தப்பியவை அந்த இடத்தில் பெருகும்.

மலேசியாவில் ஆன்டிபயாடிக் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தகத்தில் விற்கக்கூடாது. ஆனால் தனியார் கிளினிக்கில் நோயாளியைப் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே இடத்தில்தான். மருந்தாளர் ஒருவர் இடையில் நின்று "இது தேவையா?" என்று கேட்கும் வாய்ப்பு அங்கே குறைவு. மருத்துவமனைகளுக்கோ 2014லேயே சுகாதார அமைச்சு நடைமுறைக் கையேடு தந்துவிட்டது. மருத்துவர், மருந்தாளர், நுண்ணுயிரியல் நிபுணர் அடங்கிய குழு, மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் பரிசோதனை முடிவைப் பார்க்கிறது. மருந்தை நிறுத்தலாமா, குறிப்பிட்ட கிருமியை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாறலாமா, ஊசியை விட்டு மாத்திரைக்கு வரலாமா என்று ஆராய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாட்டி அங்கிருந்து முதியோர் இல்லத்திற்குப் போகும்போது, மருந்தின் பெயரும் நிறுத்தவேண்டிய தேதியும் கடிதத்தில் இல்லாவிட்டால் அந்தக் குழுவின் உழைப்பு வாசலோடு நின்றுவிடும்.

பண்ணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கோலிஸ்டின் என்ற மருந்தைப் பாருங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தது அது. பிற மருந்துகள் தோற்றுப்போகவே, கடைசி மருந்தாக மீண்டும் கைக்கு வந்தது. அதே மருந்து பல நாடுகளில் பன்றி, கோழிப் பண்ணைகளில் தாராளமாகப் புழங்கியது. கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது, சீனாவின் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனை மட்டும் சிக்கனம் காட்டி என்ன பயன்?

மலேசியாவில் 2017இல் சுகாதார அமைச்சும் விவசாய அமைச்சும் கூட்டாக ஐந்தாண்டுச் செயல்திட்டம் வகுத்தன. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தடை செய்யப்பட்டது. 2022இல் இரண்டாவது செயல்திட்டம் தொடங்கியது.

அமைச்சுகள் சேர்வது ஒரு பக்கம். கிளினிக்கில் மருந்துப் பையின்மேல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி நோயாளியும் கேட்கலாம். அந்தப் பை மகனின் கையில் இருந்திருந்தால், மருத்துவமனையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.