வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேலி போட்ட கதை



சமையல் குறிப்பு, பிள்ளைகள் படிப்பு, நாத்தனார் சண்டை என்று எல்லாவற்றையும் இந்தப் பகுதியில் எழுதித் தீர்க்கிறோம். வீட்டுக்குள் ஒரு மூலையில் குந்திக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. 'நமக்கு என்ன தெரியும், அதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கும்' என்று விட்டு விடுகிறோம். அதிலும் இந்த 'ஆன்டி வைரஸ்' இருக்கிறதே... அது என்னைப் படுத்திய பாட்டை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

நான் படித்தது பத்தாவது. பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போய் தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினேன். கணவருக்கு நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலை. சம்பளம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் அடுத்த மாதம். அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு வீட்டிலேயே தமிழ் டைப்பிங் செய்து கொடுக்கிறேன். கலெக்டர் மனு, காதுகுத்து பத்திரிகை, பள்ளிக்கூட கேள்வித்தாள், கோவில் வரவு செலவு எல்லாம் வரும். நெல்லிக்குப்பம், பண்ருட்டி வரைக்கும் ஆட்கள் தேடி வருகிறார்கள். பக்கத்துக்கு 25 ரூபாய். மகளின் டியூஷன் பீஸ், காஸ் சிலிண்டர் இரண்டும் இந்தப் பெட்டியில் இருந்துதான் வருகிறது.

பெட்டியை விற்றவர் சும்மா விற்கவில்லை. 'அக்கா, ஆன்டி வைரஸ் போடலைன்னா ஒரே வாரத்துல எல்லாம் போயிடும்' என்று பயமுறுத்தி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வருஷத்துக்கு 900 ரூபாய். பேரைச் சொல்ல மாட்டேன். பேரா முக்கியம், வாலாட்டுவதில் எல்லாம் ஒரே ஜாதிதான்!

கெடு முடிய 30 நாள் இருக்கும்போதே சிவப்புப் பெட்டி ஒன்று மூலையில் எட்டிப் பார்க்கும். 'உங்கள் பாதுகாப்பு முடியப் போகிறது.' மூடினால் மத்தியானம் திரும்ப வரும். தண்டல்காரர் கூட காலையில் ஒரு தடவைதான் வாசலில் நிற்பார். பணம் கட்டிய பிறகாவது ஓய்ந்ததா என்றால், அதுவும் இல்லை. 'உங்கள் கம்ப்யூட்டரில் 1,284 பிரச்சினைகள்' என்று ஒரு நாள் சொன்னது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மகள் பார்த்து, 'அம்மா, இதுல வைரஸ் ஒண்ணு கூட இல்ல. நாம பார்த்த இணையப் பக்கங்கள் விட்டுட்டுப் போன குப்பைக் கோப்பை எண்ணிச் சொல்லுது. அதைப் பெருக்கித் தள்ள தனியா காசு கேக்குது' என்றாள். நம் வீட்டுத் தூசியை எண்ணிக் காட்டி நம்மிடமே துடைப்பம் விற்கிறார்கள் பாருங்கள்!

இதையெல்லாம் பொறுத்துக் கொண்டேன். பொறுக்க முடியாதது போன ஆடி மாதம் நடந்தது.

ஒரு கோவில் கும்பாபிஷேக மலர். 64 பக்கம். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்து தட்டுகிறேன், தமிழே வரவில்லை. எந்த விசையை அழுத்தினாலும் இங்கிலீஷ் எழுத்துதான். கீழே பார்த்தால், தமிழ் தட்டச்சு மென்பொருளின் படத்தையே காணோம். ஆன்டி வைரஸ் 'ஒரு ஆபத்து நீக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் சிரித்துக் கொண்டிருந்தது. என் பிழைப்பைத்தான் அது ஆபத்து என்று தூக்கிப் போயிருக்கிறது!

பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டோம். வந்ததும் வராததுமாக, 'பார்மட் அடிச்சாதான் ஆகும், 500 ரூபாய்' என்றார். பார்மட் என்றால் உள்ளே இருப்பது எல்லாம் துடைத்துப் போய்விடும். 40 பக்கம் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிறேன். 'எந்த வைரஸ்னு பேரு சொல்லுங்க தம்பி, அப்புறம் பார்மட் அடிக்கலாம்' என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். இவருக்கு என் மேல் கோபம். 'தெரிஞ்சவங்க சொன்னா கேக்கணும்' என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும், அந்த 40 பக்கம் அடித்த விரல் என்னுடையது.

அன்று இரவு நானும் மகளும் உட்கார்ந்து அந்த ஆன்டி வைரஸின் உள்ளே ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தோம். 'ஹிஸ்டரி' என்று ஒரு இடம். அதற்குள் 'குவாரண்டைன்'. கொரோனா காலத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே வார்த்தைதான்! சந்தேகப்பட்ட கோப்பை அழிக்காமல் தனி அறையில் அடைத்து வைத்திருக்கும். என் தமிழ் மென்பொருள் அங்கேதான் கிடந்தது. பக்கத்தில் குற்றம் எழுதியிருந்தது: 'விசை அழுத்தங்களைக் கவனிக்கிறது'.

இதைப் படித்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆன்டி வைரஸ் இரண்டு விதமாகத் திருடனைப் பிடிக்கும். ஒன்று, அங்க அடையாளம். தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல் ஒன்று வைத்திருக்கும், அதில் இருந்தால் பிடிக்கும். தினமும் 'அப்டேட்' கேட்பது இந்தப் பட்டியலை வளர்க்கத்தான். இரண்டாவது, நடத்தை. பட்டியலில் இல்லாவிட்டாலும் நடவடிக்கை சரியில்லை என்றால் பிடிக்கும். பாஸ்வேர்டு திருடும் வைரஸ் என்ன செய்யும்? நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் நடுவில் நின்று பார்க்கும். தமிழ் தட்டச்சு மென்பொருள் என்ன செய்யும்? அதுவும் ஒவ்வொரு விசையையும் நடுவில் பிடித்துத்தான் தமிழ் எழுத்தாக மாற்றும். காவல்காரனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. நிரபராதியைப் பிடித்து உள்ளே போடும் இந்த வேலைக்கு 'ஃபால்ஸ் பாசிடிவ்' என்று பெயராம்.

விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக் கொண்ட முறை அது. 2019 முதல் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. புதிதாகக் கற்றுக் கொள்பவர்களுக்கு ரொம்ப நல்லது. ஆனால், என்னைப் போல டைப்ரைட்டரில் விரல் பழகியவர்கள் என்ன செய்வது? எங்களுக்குத் தனி மென்பொருள்தான் கதி.

உடனே வெளியே எடுத்துவிடவில்லை. நிஜமாகவே திருடனாக இருந்தால்? 'வைரஸ் டோட்டல்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. 2012ல் இருந்து கூகுள் கையில் இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால், பல பத்து ஆன்டி வைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டிக் கருத்துக் கேட்டுச் சொல்லும். காசு இல்லை. ஆனால், சொந்தக் கடிதம், ஆதார் நகல் மாதிரி எதையும் அதில் போடாதீர்கள். போட்ட கோப்பு மற்றவர்கள் கைக்கும் போகும். எங்கள் மென்பொருளை முதலில் இறக்கிய இடத்தில் இருந்தே மறுபடி இறக்கிக் காட்டினோம். இரண்டே இரண்டுதான் 'கெட்டது' என்றன, மற்றதெல்லாம் 'நல்லது' என்றன. அந்த இரண்டில் ஒன்று நான் காசு கொடுத்து வாங்கியது!

பிறகு 'ரீஸ்டோர்' கொடுத்து மீட்டோம். 'எக்ஸ்க்ளூஷன்' என்ற இடத்தில் அதன் பெயரைச் சேர்த்து, 'இவர் நம்ம வீட்டு ஆள், தொடாதே' என்று சொல்லி வைத்தோம். மலர் திங்கட்கிழமை அச்சுக்குப் போனது. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய இடங்களிலேயே இப்படி நடந்திருக்கிறது என்று பிறகு மகள் சொன்னாள். 2010 ஏப்ரல் 21ல் மெகாபி நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடிக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எரிந்தன. 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு தப்பான அப்டேட்டில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாப்ட்டே கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்களே, அது அந்த நாள்தான். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, காரணம் ஒரு காவல்காரன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இலவசம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். அவாஸ்ட் என்ற ஆன்டி வைரஸ், அதைப் போட்டிருந்தவர்கள் இணையத்தில் எதைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை வேறு நிறுவனத்தின் மூலம் விற்றது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டு ரகசியத்தைச் சந்தையில் கூறு போட்டால் எங்கே போய் முட்டிக் கொள்வது?

அதற்காக, ஆன்டி வைரஸே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வைரஸ் நிஜம். 1986ல் லாகூரில் இரண்டு அண்ணன் தம்பிகள், தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்க 'பிரெய்ன்' என்று ஒன்றை எழுதினார்கள். உள்ளேயே தங்கள் கடை விலாசம், போன் நம்பர் வேறு போட்டார்கள்! அந்தக் கால வைரஸுக்கு அவ்வளவு நாணயம். இப்போது வருவது பணம் பறிக்கத்தான் வருகிறது. பிடிக்கும் வேலையில் நம்மவர்களும் இளைத்தவர்கள் இல்லை. சென்னையில் 1991ல் தொடங்கிய கே7 நிறுவனம் ஜப்பான் வரை விற்றிருக்கிறது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பியும் தொடங்கியதுதான் குயிக் ஹீல்.

என் கோபம் எல்லாம் ஒரு விஷயத்தில்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபெண்டர்' என்ற ஆன்டி வைரஸ் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. வேறு ஒன்றைப் போட்டால் இது ஒதுங்கிக் கொள்ளும், அதை எடுத்தால் தானே எழுந்து காவலுக்கு நிற்கும். இதை எனக்கு விற்றவரும் சொல்லவில்லை, ரிப்பேருக்கு வந்தவரும் சொல்லவில்லை. 'சும்மா கிடைக்கிறது எப்படி நல்லா இருக்கும்' என்பது என் கணவரின் கட்சி. கிணற்றுத் தண்ணீருக்கு யார் காசு கொடுத்தோம் என்பது என் கட்சி. கடைசியில் கெடு முடிந்ததும் புதுப்பிக்காமல் அதை எடுத்துவிட்டோம். பெட்டி இப்போது பாதி நேரத்தில் திறக்கிறது. கடை கண்ணி வைத்து நாலு பேர் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரும் இடம் என்றால் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் உண்டு. டைப் அடிக்கும் வீட்டுக்கு, என்னைக் கேட்டால், உள்ளே இருப்பதே போதும். ஆனால், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடக் கூடாது. விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ோடு நின்றுவிட்டது, அதையும் கவனியுங்கள். அடித்து முடித்ததை ராத்திரி ஒரு பென் டிரைவில் எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறேன்.

கார்டு கொடுத்து வாங்கியவர்கள் இன்னொன்றும் பாருங்கள். 'ஆட்டோ ரினியூவல்' என்று அடுத்த வருஷமும் தானாகப் பணம் எடுப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்தலாம்.

'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யவும்' என்று திரை முழுக்க வந்தால் அது ஆன்டி வைரஸே இல்லை, மோசடி. நிஜமான ஆன்டி வைரஸ் போன் செய்யச் சொல்லி அலறாது. இப்படி ஏமாற்றிய கால் சென்டர்களைத்தான் 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்று சி.பி.ஐ. வளைத்துப் பிடித்தது. யாராவது பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.

தமிழ் மென்பொருளைப் பிடித்துப் போட்ட அந்த நிறுவனத்துக்கு மகள் இங்கிலீஷில் ஒரு புகார் அனுப்பியிருக்கிறாள். 'இது வைரஸ் இல்லை, எங்கள் எழுத்து' என்று எழுதச் சொன்னேன். இப்படி அனுப்பினால் பரிசோதித்துப் பட்டியலில் இருந்து எடுப்பார்களாம். இதுவரை பதில் இல்லை. வீட்டில் தமிழ் டைப்பிங் செய்யும் மற்ற சகோதரிகளுக்கும் இந்தத் தொல்லை இருக்கிறதா? இருந்தால் எந்த விசைப்பலகை, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்களேன். நாலு பேர் சேர்ந்து புகார் அனுப்பினால் அவர்கள் காதில் ஏறுமே!

- ஒரு வாசகி, மேல்பட்டாம்பாக்கம்.