சாளரத்துக்குள் ஓர் ஆறு

மலேசியாவின் கோப்பெங் பட்டணத்துக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரில் பிற்பகல் வேளையில் கொட்டும் மழை, பட்டணத்துக் கடைவீதியில் ஒரு துளியும் விழாதிருக்கும்போதே கம்பார் ஆற்றின் வழியே இறங்கி, பாறைகளுக்கிடையே குளிப்பவர்களையும் ரப்பர்ப் படகில் சவாரி செய்பவர்களையும் எதிர்பாராத க்ஷணத்தில் வந்து மோதிவிடக்கூடும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்று சொல்லும் இந்தத் திடீர்ப் பிரவாகம், மலையோரத்து ஆறுகளோடு பழகியவர்களுக்குத் தெரிந்த அபாயம். மலைநீரின் பலத்தை இவ்வூர் வேறு விதத்திலும் அறியும். அதே நீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, பீறிட்டு வரும் அதன் வேகத்தாலேயே மண்மேடுகளைக் கரைத்துத்தான் ஒரு காலத்தில் இங்கே வெள்ளீயம் எடுத்தார்கள்.

ஆற்றின் உயரம் இப்பொழுது இத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணை மட்டும் சொன்னால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் விளங்குவதில்லை. அந்த உயரத்துக்கு நீர் இரண்டு நாளாக மெல்ல ஏறி வந்ததா, அரைமணிக்குள் பாய்ந்து ஏறியதா என்பதல்லவா உயிர் பிழைக்க வேண்டியவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம்? அதைச் சொல்வது, நேரத்தோடு நீர்மட்டம் மாறுவதைக் காட்டும் ரேகையின் சாய்வு. இதனால்தான் முற்காலத்து நீர்மட்டக் கருவியில், ஆற்றின் மேல் மிதவை ஒன்றை விட்டு, அது ஏறி இறங்கும் அசைவைப் பேனா முனைக்குக் கொண்டுசென்று, கடிகாரப் பொறியால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் இடைவிடாமல் கோடு இழுக்கச் செய்தார்கள். 1932-இல் தோன்றிய வடிகால், நீர்ப்பாசன இலாகா இன்று நாடெங்கும் தானியங்கி நிலையங்களின் அளவுகளைத் தொலைவிலிருந்தே பெற்று, வழக்கநிலை, விழிப்புநிலை, எச்சரிக்கை, அபாயம் என நான்கு படிகளில் வெளியிடுகிறது. காகித உருளை செய்த வேலையைக் கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு செயலியின் சாளரத்துக்குள் செய்விப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இதற்கு இன்று பெரிதும் பிரயோகமாகும் சாதனங்களில் ஒன்று பைதான் மொழியின் 'மேட்பிளாட்லிப்'. அதை ஆக்கிய ஜான் ஹண்டர் தொழில்முறை வரைபடக்காரர் அல்லர், நரம்பியல் விஞ்ஞானி. காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, அலைகளைக் காட்டும் சித்திரம் தனித்தாளாக அன்றி, பொத்தான்களும் பட்டியல்களும் கொண்ட தம் செயலிக்குள்ளேயே அமைய வேண்டியிருந்தது. கைவசமிருந்த மென்பொருள் அவ்வளவு பெரிய வேலைக்கு வளைந்து கொடுக்காமையால், 2003 வாக்கில் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். சாளரத்துக்குள் பதிக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆதியிலேயே விதித்துக்கொண்ட நிபந்தனைகளுள் ஒன்று. 2012-இல் அவர் காலமானார். அந்த மென்பொருள் மாணவர் மடிக்கணினி முதல் பெரிய ஆய்வுக்கூடங்கள் வரை உழைத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். வரைபடத்தை முதலில் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் வெறும் நிறப்புள்ளிகளின் அட்டவணையாகத் தீட்டுகிறார்கள். 800 புள்ளி அகலமும் 400 புள்ளி உயரமும் உள்ள படத்துக்கு 320,000 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டாக 1,280,000 பைட். முடிந்த அட்டவணையைச் சாளரத்தில் அதற்கென விடப்பட்ட இடத்துக்கு நகலெடுப்பதோடு வேலை தீர்கிறது. புதிய அளவு வரும்போதெல்லாம் அச்சு, எழுத்து, கட்டம் எல்லாவற்றையும் மறுபடி தீட்டினால் யந்திரம் திணறும். ஆகவே அசையாத பின்னணியை ஒருமுறை சேமித்து வைத்துக்கொண்டு, ரேகையை மட்டும் அதன் மேல் புதிதாக இடுவது வழக்கம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சாளரம் என்பது ஒரே குமாஸ்தா உள்ள தபாலாபீஸைப் போன்றது. பொத்தானை அமுக்கினாலும், சாளரத்தை நகர்த்தினாலும், ரேகை புதுப்பிக்கப்பட்டாலும் எல்லாம் அவருடைய வரிசையில்தான் நிற்க வேண்டும். தூரத்து நிலையத்திலிருந்து அளவு வரட்டும் என்று அவரையே இருபது விநாடி காத்திருக்கச் சொன்னால், திரை உறைந்துபோய், ஆறு எழும்பிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே செயலி செத்ததுபோல் கிடக்கும். அளவைக் கொண்டுவரும் பணியை, செயலிக்குள் இணையாக ஓடும் தனி இழையில் விட்டு, அது கொண்டுவந்ததை ஒரு வரிசையில் வைக்கச் செய்து, சாளரத்தின் இழை விநாடிக்கொருமுறை அந்த வரிசையை எட்டிப் பார்க்கும்படி அமைப்பதே முறை. புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

அலங்காரப் பிரியர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அச்சின் அளவைத் தானாகவே மாற்றிக்கொள்ளும்படி விட்டால், ஒரு சென்டிமீட்டர் சலனமும் திரை முழுவதும் பரவி வெள்ளம்போல் மிரட்டும். நிஜவெள்ளம் வரும் நாளிலோ அச்சும் கூடவே நீண்டு, அதன் உக்கிரத்தைத் தணித்துக் காட்டும். ஆகவே அச்சை நிலையாக்கி, நான்கு படிகளுக்கும் கோடு இட வேண்டும். கருவி ஒருமணி நேரம் மௌனமாகிவிட்டால், முன்னும் பின்னுமுள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து ஒன்றும் நடவாததுபோல் காட்டுவது பெரும் பிழை. வெள்ள காலத்திலேயே கருவி மௌனமாகிவிடவும் கூடும் என்பதை எண்ணினால், அந்த இடம் வெற்றிடமாகவே தெரிய வேண்டும் என்பது விளங்கும்.

ரேகைக்கு அருகில் ஆற்றங்கரைக் காமிராவின் படத்தையும் வைப்பதாயின், பைதானின் 'டிகேயின்டர்' சாளரத்தில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. ஒரு செயற்கூற்றுக்குள் படத்தைத் திறந்து திரையில் வைத்துவிட்டு, அப்படத்தைச் சுட்டும் பெயரை வேறெங்கும் பிடித்து வைக்காமல் வெளியேறினால், இனி யாருக்கும் வேண்டாத பொருள் இது என்று மொழி தானே முடிவு செய்து அதை ஞாபகத்திலிருந்து துடைத்துவிடும். பிழைச்செய்தி ஏதும் வராது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று நிற்கும். படத்தை அது அமர்ந்திருக்கும் பெட்டியின் மேலேயே ஒரு பெயரால் கட்டி வைத்தால் போதும். படத்தின் கீழே அது எடுக்கப்பட்ட நேரத்தையும் எழுதிவிடுவது அவசியம். இல்லையேல் காமிரா பழுதுபட்ட பின்பும் காலையில் எடுத்த தெளிந்த ஆறே மாலைவரை திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.